கைக்கு அடங்கும், சொல்லுக்கு அடங்காது

பாகூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் ஏரிப் பாசன வயல். மாட்டுக் கொட்டகையில் பெருச்சாளித் தொல்லை தாங்க முடியவில்லை. தவிட்டு மூட்டை, வைக்கோல் போர் எதையும் விடுவதில்லை. ராஜபாளையம் வளர்க்க இடம் இல்லை. ஜாக் ரசல் என்று ஒரு சின்ன நாய் எலி பிடிப்பதில் கெட்டி என்கிறார்கள். படத்தில் பார்த்தால் நம் தெருநாய்க்குட்டி மாதிரிதான் இருக்கிறது. இதற்குப் போய் ஏன் சில பேர் இப்படி உயிரை விடுகிறார்கள்? நான் ஒன்று வாங்கலாமா?"

வாங்கலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன் தம்பி. முதலில் ஏன் உயிரை விடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி உயிரை விட்டவர்களில் நானும் ஒருவன். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதைவிடப் பெரிய தகுதி, 12 வருடம் ஒரு டெரியருக்கு வேலைக்காரனாக இருந்திருக்கிறேன். ஜாக் ரசலும் டெரியர் வகை நாய்தான்.

டெரியர் என்ற சொல்லிலேயே பாதி விஷயம் இருக்கிறது. லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். பிரெஞ்சில் 'டெரியே' என்றால் விலங்கு தோண்டிய வளை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'ஷியென் டெரியே' என்பார், வளை நாய். 1570-இல் ஜான் கைஸ் என்ற ஆங்கில மருத்துவர் தன் நாட்டு நாய்களை லத்தீனில் வகைப்படுத்தி எழுதியபோதே, நரி வங்குக்குள்ளும், பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கின் வங்குக்குள்ளும் நுழைகிற நாய் என்று இதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். அழகுக்கோ மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கோ உண்டான சாதி இல்லை. மண்ணுக்குக் கீழே ஒரு வேலை இருந்தது, அதைச் செய்ய ஒரு நாய் தேவைப்பட்டது.

அந்த வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குதிரையில் ஆட்கள் வருகிறார்கள், முன்னால் முப்பது நாற்பது பெரிய நாய்கள் நரியைத் துரத்துகின்றன. நரி வங்குக்குள் போய்விடுகிறது. இனிமேல் அத்தனை ஆட்களும் அத்தனை நாய்களும் உதவாது. உள்ளே போகக்கூடியது 6 கிலோ எடையுள்ள ஒரு குட்டி நாய் மட்டும்தான். அது தவழ்ந்து போகிறது. உள்ளே கும்மிருட்டு, திரும்பிப் படுக்கக்கூட இடம் கிடையாது, மூச்சு முட்டும். எதிரே தன் அளவே உள்ள, பல் உள்ள ஒரு விலங்கு. எஜமான் மேலே நின்று கத்துவது காதில் விழாது. முன்னால் போவதா, நிற்பதா, குரைப்பதா, பின்வாங்குவதா என்பதை அந்த நாயே முடிவு செய்ய வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நரியைக் கடித்துக் கொல்கிற நாய் அந்த வேலைக்கு நல்ல நாய் இல்லை. அதுவும் புண்ணாகும், நரியும் உள்ளேயே செத்துப் போகும். வேண்டியது என்னவென்றால் மூக்குக்கு மூக்கு நின்று, கடிபடாத தூரத்தில், விடாமல் குரைப்பது. மேலே இருப்பவர் தரையில் காதை வைத்து, குரல் எங்கே கேட்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் தோண்டுவார். அல்லது நரி தொல்லை பொறுக்காமல் வேறு வாசல் வழியாக வெளியேறும். மண்ணுக்கடியில் குரல்தான் நாயின் விலாசம். டெரியர் ஏன் ஓயாமல் குரைக்கிறது என்று இன்று அடுக்குமாடியில் புகார் கொடுக்கிறார்களே, குரைக்காத டெரியரைத் தோண்டி எடுக்க வழியில்லாமல் இருந்தது என்பதை அவர்களிடம் யார் சொல்வது?

மற்ற வேலை நாய்களைப் பாருங்கள். ஆட்டு நாய் மேய்ப்பவரின் சீழ்க்கைக்கு ஒரு காதைத் திருப்பிக்கொண்டே ஓடும். லாப்ரடார் உங்கள் முகத்தைப் பார்த்து அடுத்தது என்ன என்று கேட்கும். டெரியர் உங்கள் முகத்தைப் பார்க்காது. பொந்தைப் பார்க்கும். எத்தனையோ தலைமுறையாக, தானாக முடிவெடுக்கிற குட்டிகளையே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். நாம் ஆசைப்படுகிற அந்தத் துணிச்சலும், நம்மைத் தலையில் அடித்துக்கொள்ள வைக்கிற அந்தப் பிடிவாதமும் ஒரே சரக்கு. ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து வாங்க முடியாது.

ஜாக் ரசல் என்று நீங்கள் சொல்கிற பெயர் ஒரு பாதிரியாருடையது. ஜான் ரசல், 1795-இல் பிறந்து 1883-இல் காலமானவர், இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரில் ஊழியம் பார்த்தவர். பிரசங்கத்தைவிட நரி வேட்டையில் பேர் வாங்கிய சாமியார். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில், 1819-இல், ஒரு பால்காரரிடம் ஒரு பெட்டை நாயைப் பார்த்து அந்த இடத்திலேயே விலை பேசி வாங்கினார். பெயர் டிரம்ப். உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணிலும் காதிலும் பழுப்புத் திட்டு, வால் தொடங்கும் இடத்தில் ஒரு காசு அளவு பொட்டு. அவர் வளர்த்த வரிசைக்கு அதுதான் தாய். வெள்ளை நிறத்தை விரும்பியதற்கும் காரணம் உண்டு: வங்கிலிருந்து மண்ணோடு வெளியே வரும் செம்பட்டை நாயை நரி என்று நினைத்துப் பெரிய நாய்கள் பிய்த்துவிடும்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கியபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ரசலும் ஒருவர். போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் தன் நாய்களை மட்டும் போட்டிக்கு அனுப்பவில்லை. கண்காட்சி நாய் தோட்டத்து ரோஜா, என் நாய் காட்டு ரோஜா என்ற பொருளில் பேசியதாகச் சொல்வார்கள். அவர் பயந்தபடியே நடந்தது. ஃபாக்ஸ் டெரியர் மேடை ஏறிய பிறகு தலை நீண்டது, மார்பு ஆழமானது, பொந்துக்குள் நுழைய முடியாத நாய் பரிசு வாங்கியது. இதில் வேடிக்கை, ரசல் நாய்களின் நேரடி வம்சம் இதுதான் என்று இன்று யாரும் கைகாட்ட முடியாது. பணமுடை வந்தபோதெல்லாம் நாய்களை விற்றிருக்கிறார். அவர் போன பின் குட்டையான வெள்ளை டெரியருக்கெல்லாம் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் கென்னல் கிளப் உயரமான வகையைப் பார்சன், அதாவது பாதிரியார், என்ற பெயரில் 1990-இல் ஏற்றது, குட்டையான ஜாக் ரசலை 2016-இல்தான் ஏற்றது. அதுவரை அதை வளர்த்தவர்களில் பலர், ஏற்காமல் இருந்தாலே நல்லது என்றுதான் இருந்தார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

உங்கள் தாத்தா வீட்டில் கிராமஃபோன் இருந்திருந்தால் இந்தச் சாதியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் இசைத்தட்டில் குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அது 1884-இல் பிரிஸ்டலில் பிறந்த ஒரு கலப்பு டெரியர். பெயர் நிப்பர். வருகிறவர்களின் கெண்டைக்காலை எட்டிக் கவ்வும் என்பதால் வந்த பெயர். படத்தில் ரொம்பச் சாதுவாகத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது உடம்புக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும். டெரியரைப் பார்க்கத் தெரிந்தவர் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். நாயின் முன்னங்காலுக்குப் பின்னால், மார்பைச் சுற்றி இரண்டு கைகளையும் வைத்துப் பிடிப்பார். பெருவிரல் மேலே முதுகில், மற்ற விரல்கள் கீழே. ஒரு கையின் விரல் நுனி மறு கையின் விரல் நுனியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அந்த நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வங்குக்கு உதவாது. ஜாக் ரசலுக்கான சர்வதேச அளவு இதை எண்ணாகவே சொல்கிறது: உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், மார்புச் சுற்று 40 முதல் 43 சென்டிமீட்டர், 25 சென்டிமீட்டர் உயர நாய் 5 கிலோ, 30 சென்டிமீட்டர் நாய் 6 கிலோ. பிடித்துப் பார்க்கும்போது மார்புக்கூடு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்க வேண்டும். குறுகலில் நசுங்கி நுழைந்து, அப்புறம் மூச்சு விட இடம் வேண்டும் அல்லவா? நாய்ச் சந்தையில் "நெஞ்சு அகலம் பாருங்க சார்" என்று சொல்லி விற்பவரிடம் டெரியர் வாங்காதீர்கள். அவர் காளை விற்கிறார்.

பல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருக்கும். வாய்க்குள் பார்த்தால் இரண்டு மடங்கு பெரிய நாயின் வாய் போலத் தோன்றும். மேல் முடி முரட்டு முடி, அதன் கீழே நெருக்கமான மெத்து முடி. மழையிலும் சேற்றிலும் தோல் நனையாமல் காக்கும். வால் தடிப்பாக, உறுதியாக இருக்கும். அது ஏன் என்பதை நான் வளர்த்த துரையின் கதையில் சொல்கிறேன்.

மற்ற சின்ன டெரியர்களைப் பற்றி வேகமாக ஒரு வார்த்தை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் பார்டர் டெரியர்: நீர்நாய் போன்ற தலை, குதிரைக்குப் பின்னாலேயே ஓடும் அளவுக்குக் கால் நீளம். என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்திலேயே நிதானமான புத்தி இதற்குத்தான். ஸ்காட்லாந்தின் கற்குவியல்களுக்குள் நுழைந்து வேட்டையாடிய கெய்ர்ன். 1880-களில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அறையில் எலி பிடிக்க வைத்துக்கொண்ட நார்விச். காது தொங்குவதா நிற்பதா என்ற சண்டையில் 1964-இல் அதுவே இரண்டு இனமாகப் பிரிந்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் தலையில் ரிப்பன் கட்டி வருமே யார்க்‌ஷயர் டெரியர், அதன் முன்னோர் வட இங்கிலாந்து நெசவாலைத் தொழிலாளிகளின் எலி பிடிக்கும் நாய்கள். ஒருநாள் ரிப்பனை அவிழ்த்து அதைத் தவிட்டு மூட்டைப் பக்கம் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. உரிமையாளர் அம்மா சம்மதிக்க மாட்டார்.

சரி, துரை. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சித்தப்பா 1994-இல் ஒரு பிரம்புக் கூடையில் போட்டுப் பேருந்தில் கொண்டுவந்தார். ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குதிரையேறி நரி வேட்டையாடிய காலத்து நாய்களின் மிச்சம் என்று தோட்டத்தில் சொன்னார்களாம். எனக்கு அது கதையாகத்தான் பட்டது. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணில் கறுப்பு, வளர்ந்தபோது 6 கிலோ. வெள்ளைக்கார நாய் என்பதால் அம்மா வைத்த பெயர் துரை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு, தூக்கணாம்பாக்கத்தில் வயல். துரைக்கு இரண்டு இடத்திலும் உத்தியோகம்.

முதல் வருடமே அம்மா கட்சி மாறிவிட்டார். நெல் வைத்திருந்த பின்கட்டு அறையில் மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். துரை நடுவில் நின்றது. நகர்த்திய மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி பாய்ந்தது. துரை பாய்ந்ததை நான் பார்க்கவில்லை, தலையை ஒரு உதறு உதறியதைத்தான் பார்த்தேன். கழுத்து முறிந்த பெருச்சாளியை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த மூட்டையைப் பார்த்தது. தின்னவில்லை, விளையாடவில்லை. பூனை ஒரு சுண்டெலியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நாடகம் போடும், பெருச்சாளி வந்தால் பரண் மேல் ஏறிக்கொள்ளும். இது கணக்குப்பிள்ளை மாதிரி ஒன்றை முடித்து அடுத்ததைத் திருப்பியது. அன்று ஒன்பது. அம்மா அதற்கு முட்டை வேகவைத்துக் கொடுத்தார். வீட்டில் எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் முட்டை.

லண்டனில் இதையே பந்தயமாக நடத்தியிருக்கிறார்கள். பள்ளத்தில் எலிகளைக் கொட்டி, நாயை விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காசு கட்டுவது. 1823-இல் பில்லி என்ற நாய் 100 எலிகளை ஐந்தரை நிமிடத்தில் முடித்ததாகப் பதிவு. அருவருப்பான விளையாட்டு, ஒழிந்தது நல்லது. ஆனால் ஒரு எலிக்கு மூன்றரை நொடிகூட ஆகவில்லை என்ற கணக்கைத் துரையைப் பார்த்த பிறகு நான் நம்புகிறேன்.

இனி அந்த மார்கழி. வடகிழக்கு மழை இரண்டு நாளாக விடவில்லை. சாயங்காலம் வயலிலிருந்து திரும்பும்போது சாலைக்கு அடியில் குறுக்கே போட்டிருந்த சிமென்ட் குழாய்க்குள் எதையோ துரத்திக்கொண்டு துரை நுழைந்துவிட்டது. குழாயின் நடுவில் மண் அடைத்திருந்தது. ஏழு மணிக்கு உள்ளே போனது. ஒன்பது மணிக்கும் குரைப்பு ஒரே இடத்திலிருந்து வந்தது. கூப்பிட்டேன், திட்டினேன், கருவாடு காட்டினேன். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா கடப்பாரையோடும் பக்கத்துக் கொல்லைக்காரர் மண்வெட்டியோடும் வந்தார்கள். அப்பா சாலையில் குப்புறப் படுத்து, ஈரத்தில் காதை வைத்து, "இங்கே இருக்கான்டா" என்று கை காட்டினார். இங்கிலாந்தில் நரி வங்கின் மேல் காது வைத்துப் படுத்தவர்களைப் பற்றி நான் பின்னாளில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் கோலம்தான்.

பக்கவாட்டுக் கரையைத் தோண்டி, மண் அடைப்பைக் கிளறி, என் தோள் வரைக்கும் கையை விட்டபோது கையில் கிடைத்தது வால். அதைப் பிடித்து இழுத்தேன். டெரியர் வால் ஏன் கைப்பிடி போல உறுதியாக இருக்க வேண்டும் என்று அன்று இரவு இரண்டு மணிக்குத் தெரிந்துகொண்டேன். வெளியே வந்த துரை சேறும் ரத்தமுமாக ஒரு நிமிடம் நின்றது. எங்களை நக்கியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? உதறிவிட்டு மறுபடி குழாயைப் பார்த்து ஓடியது. அப்பா அதைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தார். "சனியன்" என்று வழி முழுக்கத் திட்டினார். மறுநாளிலிருந்து அவர் தட்டிலிருந்து முதல் உருண்டை அதற்குத்தான் போனது. நீங்கள் கேட்ட கவர்ச்சி என்னவென்று எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டால் வெள்ளைக்கார நாய்ப் புராணமாகப் போய்விடும். எனக்குப் பாடம் சொன்னது தை மாதத்து அறுவடை. சம்பா அறுத்த பிறகு ஒவ்வொரு வருடமும் ஓர் இருளர் குடும்பம் எலி பிடிக்க எங்கள் வயலுக்கு வரும். பெரியவர், அவர் மனைவி, மகன், கூடவே ஒரு கறுப்புப் பெட்டை நாய். ஏழெட்டுக் கிலோ இருக்கும். பெயர் கருப்பி.

அவர்கள் வேலையைப் பார்ப்பதே ஒரு படிப்பு. வரப்பில் பத்து வளை தெரிந்தாலும் எதில் எலி இருக்கிறது என்று பெரியவருக்குத் தெரியும். வயல் பெருச்சாளி உள்ளே இருந்தால் வாசலைப் புது மண்ணால் அடைத்து வைத்திருக்கும். அவர் மண்ணை விரலால் நசுக்கிப் பார்ப்பார். மற்ற வாசல்களைச் சேற்றால் அடைத்துவிட்டு, ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைப் புகையவிட்டு வாசலில் கவிழ்த்து ஊதுவார். அப்புறம் தோண்டுவது. கடைசி அறையில் எலி பதுக்கிய நெற்கதிர் படி கணக்கில் கிடைக்கும். அதுவும் அவர்களுக்கு.

கருப்பி இதில் எங்கே நின்றாள்? அடைக்காமல் விட்ட ஒரே ஒரு வாசலுக்கு முன்னால், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, ஒன்றரை முழம் தள்ளி. குரைக்கவில்லை, தோண்டவில்லை. புகை வரும், எலி வரும், ஒரு கவ்வு, ஒரு உதறு, பெரியவர் காலடியில் வைப்பாள். துரை அந்த நேரத்தில் நாலு வரப்பையும் பறித்துப் போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டியது.

"இது என்ன ஜாதிங்க?" என்று நான் கருப்பியைக் காட்டிக் கேட்டேன். அரசாங்க உத்தியோக மிதப்பு. பெரியவர் யோசிக்கவே இல்லை. "எலி பிடிக்கிற ஜாதிங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், "உங்க துரை சத்தம் போடுறாரு, எங்க கருப்பி வேலை பாக்குது." வயலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு விஷயம் நடந்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய வளை, கிளை கிளையாகப் போனது. புகை எடுபடவில்லை. துரை உள்ளே நுழைந்து, மூன்று முழம் தள்ளி மண்ணுக்கடியில் ஒரே இடத்தில் நின்று குரைக்க ஆரம்பித்தது. பெரியவர் கையைக் காட்டி எல்லோரையும் அமைதியாக்கினார். குனிந்து காது வைத்தார். நேராக அந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டார். நாலு பெருச்சாளி. "உள்ள போய்ப் பேசுற நாய் எங்ககிட்ட இல்லைங்க," என்றார். கருப்பியின் அடுத்த ஈற்றுக்கு யார் அப்பா என்பதை அன்றே இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டோம். நாய்கள் எங்களுக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டது போலத் தெரிந்தது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயரோடு இருக்கிற நம் நாய்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எல்லாம் பெரிய நாய்கள், ஜமீனும் மிராசும் வளர்த்தவை, ஆகவே பெயர் நின்றது. குடிசை வாசலில் வளர்ந்த சின்ன வேலை நாய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அளவு எழுதவில்லை. டிரம்பையும் ஒரு பால்காரர்தான் வைத்திருந்தார். அதைக் கண்ணில் கண்ட பாதிரியாருக்குச் செல்வாக்கு இருந்தது, அதனால் இன்று உங்களுக்கும் எனக்கும் அதன் பெயர் தெரிகிறது.

2001 கோடையில் துரையைப் பாம்பு கடித்தது. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். தெருநாய் பாம்பைக் கண்டால் தள்ளி நின்று குரைக்கும். டெரியருக்குத் தள்ளி நிற்கத் தெரியாது. வைக்கோல் போரடியில் கண்ணாடி விரியன், தாடையில் கடி. கால் மணி நேரத்தில் முகம் தேங்காய் அளவுக்கு வீங்கியது. நான் துறையில் இருந்ததால் எங்கே மருந்து இருக்கும் என்று தெரிந்தது, பிழைத்தது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே செய்வது. அதற்கான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் பெரிய பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப துரை எங்க வூட்டு மாப்பிள்ளதான்," என்றார்.

இப்போது உங்கள் கேள்வி. வாங்குவதென்றால் இவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எலிமருந்து வைக்கிற வீட்டில் டெரியர் கூடாது. மருந்து தின்ற எலியைக் கவ்வினால் நாயும் போய்விடும். எலி பிடிக்கிற நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் வருடம் தவறாமல் போட வேண்டும். அது உங்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு. உண்ணிக் காய்ச்சல் நம் கடற்கரை ஈரத்தில் எப்போதும் உண்டு, காதுமடலையும் விரல் இடுக்கையும் தினம் பாருங்கள். முரட்டு முடி வகை வேண்டாம். வழவழப்பான குட்டை முடி போதும், சித்திரை வெயிலில் மதியம் அதுவும் நிழலில்தான் கிடக்க வேண்டும். முழு வெள்ளைக் குட்டியாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் கை தட்டிக் காது கேட்கிறதா என்று பாருங்கள். கண்வில்லை நழுவுகிற பரம்பரை நோய் இந்தக் கூட்டத்தில் உண்டு, தாய் தகப்பன் கண்ணைப் பற்றிக் கேளுங்கள். விற்பவர் விழித்தால் வந்துவிடுங்கள். குறும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வாங்கும் முன்பே ஒருமுறை காட்டிவிடலாம். மற்றபடி ஆயுசு கெட்டி. 2022-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், எடுத்துக்கொண்ட இனங்களில் ஜாக் ரசலின் சராசரி ஆயுள்தான் அதிகம், 12.72 வருடம். இப்போது எல்லோரும் வாங்குகிற பிரெஞ்சு புல்டாக் 4.53.

எலியைத் தவிர வேறு எதற்கும் ஏவாதீர்கள். கீரி, உடும்பு, முயல், நரி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. நாய்க்குச் சட்டம் தெரியாது என்று வனத்துறையிடம் சொல்லித் தப்ப முடியாது. இங்கிலாந்திலேயே 2004-இல் கொண்டுவந்த சட்டத்தால் பழைய நரி வேட்டை நின்றுபோயிற்று. எலியும் குழிமுயலும் பிடிக்க அங்கே நாய்க்கு இன்னும் வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர் இருந்தால், வாங்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். துரை எங்களுக்கு வைத்த கோழிக் கடனை அப்பா இரண்டு வருடம் அடைத்தார்.

என் யோசனை இது. பெரிய விலை கொடுத்துக் காகிதத்தோடு விற்கிற குட்டி உங்களுக்கு வேண்டாம். அந்தக் காகிதத்தில் தாய் தகப்பன் எலி பிடித்ததா என்று இருக்காது. தை அறுப்புக்கு உங்கள் வயலுக்கும் எலி பிடிக்க ஆள் வருவார்கள். அவர்களோடு வரும் நாயைப் பாருங்கள், வேலை செய்வதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், குட்டி போடும்போது ஒன்று கேளுங்கள். துரை 2006-இல் போய்விட்டது. கருப்பி வழியில் வந்தவை தூக்கணாம்பாக்கம் பக்கம் இன்றும் திரிகின்றன. ஒரு கண்ணில் கறுப்பு விழுந்த வெள்ளைக் குட்டி எப்போதாவது ஒன்று பிறக்கும். வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெரியவரின் மகனிடம் கேட்டு வைக்கிறேன். அதற்குள் உங்கள் கொல்லைக் கதவுக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிடுங்கள். நாலு விரல் நுழைந்தால் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள்.